தச்சூரிலிருந்து புறப்பட்ட விடைத்தாள்

அண்ணா பல்கலைக்கழக விடைத்தாள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் அச்சாகியிருக்கும். இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்துக்கும் ஒவ்வொரு இடம், அதன்பின் வரும் பெரிய கேள்விகளுக்கு அ, ஆ என்று பிரித்து இடம், கடைசியில் மொத்தம். மாணவர் அதில் கை வைக்கக் கூடாது. திருத்துபவர் மட்டுமே நிரப்ப வேண்டிய கட்டம் அது. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன என்பதற்கு ஒரு விடைத்தாளின் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

ஆரணியை அடுத்த தச்சூரில் இருக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியிலிருந்து தொடங்குவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி அது. கமண்டல நாகநதிக் கரை ஊர்களிலிருந்தும், போளூர், சேத்துப்பட்டு, ஆற்காடு பக்கங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கும் வட்டாரம். பட்டுத்தறி போட்ட வீடு, நெல் போட்ட வீடு, அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகும் வீடு என்று எல்லா வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தபின் அவர்களுக்கு வழி இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.

அப்படி வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறார். அம்மா தார் சுற்றிக் கொடுக்கிறார். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். 2021 ஒழுங்குமுறையின் கீழ் முதல் செமஸ்டரில் அவள் எழுதும் கணிதத் தாளின் பெயர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’, எண் எம்.ஏ. 3151. இந்தத் தாளை நான் வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஈ.சி.இ., மெக்கானிக்கல் என்று எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் எல்லோரும் எழுத வேண்டிய தாள் இது. துறைகளுக்கு இடையே மாணவர்கள் எதைக் கற்றார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பாடத்திட்டத்தில் ஐந்து யூனிட்கள். அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிகள் கொண்ட சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகைகள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்றாக ஐந்து ‘கோர்ஸ் அவுட்கம்’ பாடத்திட்டத்தின் முடிவில் எழுதியிருக்கிறது. இந்த யூனிட்டை முடித்த மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லும் உறுதிமொழி அது. ஆசிரியர்கள் பேச்சில் அதைச் சுருக்கமாகச் சி.ஓ. என்பார்கள். வினாத்தாளும் அதே அளவில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. யூனிட்டுக்கு இரண்டு சிறு கேள்வி, நான்கு மதிப்பெண். பிறகு ஒரு பெரிய கேள்வி, பதினாறு. ‘இது அல்லது அது’ என்று தேர்வு கொடுத்தாலும் இரண்டும் அதே யூனிட்டிலிருந்துதான் வரும். ஆக யூனிட்டுக்கு 20, ஐந்துக்கும் 100. ஒரு மாணவி எதைக் கற்றாள், எதைக் கற்கவில்லை என்பதை யூனிட் வாரியாக அளக்க இந்த வினாத்தாளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

தேர்வு நாளில் அவள் தன் பன்னிரண்டு இலக்கப் பதிவு எண்ணை எழுதுகிறாள். முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டு, அடுத்த மூன்று துறை, கடைசி மூன்று அவளுக்கே உரியது. துறை எண் 103 என்றால் சிவில், 104 கம்ப்யூட்டர் சயின்ஸ், 106 ஈ.சி.இ., 114 மெக்கானிக்கல். அவள் 114. மூன்று மணி நேரம் எழுதுகிறாள். அணிகளில் கேலி-ஹாமில்டன் தேற்றம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, படிப்படியாகப் போடுகிறாள். பன்மடித் தொகையில் தொகையிடும் வரிசையை மாற்றச் சொன்ன இடத்தில் படம் வரைந்து, எல்லைகளைக் குறித்து, அடித்து, மீண்டும் வரைந்து விட்டுவிடுகிறாள். அந்த அடித்தல் திருத்தல்கூட ஒரு செய்தி. எந்த அடியில் வழி தவறியது என்பது அங்கே மையில் இருக்கிறது.

மணி அடித்ததும் புத்தகங்கள் எண்ணிக் கட்டப்பட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறுகின்றன. பதிவு எண் இருக்கும் பகுதி கிழிக்கப்பட்டு விடைத்தாளுக்குப் பொய் எண் ஒன்று கிடைக்கிறது. இனி அவள் ஆரணிக்காரி என்பதோ, மெக்கானிக்கல் என்பதோ, பெண் என்பதோ அந்தத் தாளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அது நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். சாதி, ஊர், சிபாரிசு எல்லாம் நுழையக்கூடிய ஒரு நாட்டில், பெயரில்லாத தாள் ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. 2017 ஏப்ரல், மே தேர்வுகளின் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கி மதிப்பெண் கூட்டியதாக 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தபோது, அந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்று ஊர் முழுக்கத் தெரிந்தது.

ஆனால் அந்தக் கிழிசலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டன. அன்றைய சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்தது. கற்பிப்பது கல்லூரியின் வேலை, அளப்பது பல்கலைக்கழகத்தின் வேலை என்ற பிரிவினை அன்றே விழுந்தது. 1978இல் பிறந்த அண்ணா பல்கலைக்கழகம் 2001இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளையெல்லாம் தன்னோடு இணைத்துக்கொண்டபோது அந்தப் பிரிவினையும் கூடவே வந்தது. இன்று நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். பாடம் நடத்தியவர் படிக்காத விடைத்தாள், பாடம் நடத்தாதவர் படிக்கும் விடைத்தாள் என்பதுதான் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊர் வழக்கம். டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1948–49இல், உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லச் சொன்னால் தேர்வைத்தான் சொல்வோம் என்ற கருத்தை எழுதிவைத்தது. 

மதிப்பீட்டு முகாமுக்கு வருவோம். வேறு வேறு கல்லூரிகளிலிருந்து வந்த கணித ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் சிவப்புப் பேனா, மேசையில் விடைக் குறிப்பு. காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு. நம் பெண்ணின் தாளை ஒருவர் பிரிக்கிறார். கணிதத்தில் விடை தவறினாலும் படிக்கு மதிப்பெண் உண்டு. சமன்பாடு சரி, இரண்டு. மதிப்பு கண்டது சரி, மூன்று. அடித்த இடத்தில் எல்லைகள் சரியாக இருக்கின்றன, ஒன்று. இப்படித் தாளின் உள்ளே ஓரத்தில் போட்ட எண்களைக் கூட்டி முதல் பக்கத்துக் கட்டத்தில் ஏற்றுகிறார். யூனிட் வாரியாகக் கூட்டினால் அவளுக்கு 18, 14, 6, 12, 4 என்று வருகிறதென்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 54.

அந்த ஆசிரியருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். தன் முன் இருந்த கட்டு முழுவதிலும் மூன்றாவது யூனிட்டின் லக்ராஞ்சு முறைக் கணக்கை யாரும் ஒழுங்காக முடிக்கவில்லை என்று. மாலையில் தேநீர் குடிக்கும்போது பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வார். அவரும் “எனக்கும் அதேதான் சார்” என்பார். ஒரு வட்டாரத்தின் பிள்ளைகள் எதில் தடுக்கி விழுகிறார்கள் என்ற அரிய அறிவு அது. எந்தப் படிவத்திலும் ஏறாமல் பஸ் ஏறிப் போய்விடுகிறது. மேலே போவது 54 மட்டும்.

54ஐ அறுபதுக்குச் சுருக்குகிறார்கள். 2021 ஒழுங்குமுறைப்படி கருத்தியல் தாளுக்கு செமஸ்டர் தேர்வு 60, இன்டர்னல் 40. இரண்டும் கூடிய எண் ஓ, ஏ பிளஸ், ஏ, பி பிளஸ், பி, சி என்ற எழுத்துகளில் ஒன்றாகிறது. முடிவு வெளியாகும் இரவில் அவள் கைபேசியில் வந்து விழுவது அந்த எழுத்துதான். ஆரணியில் கணிதம் நடத்திய ஆசிரியருக்குத் திரும்பி வருவதும் அதே எழுத்துதான். போகும்போது நாற்பது பக்கக் கையெழுத்து, வரும்போது ஓர் எழுத்து.

அவளுடைய அப்பா நெய்து முடித்த சேலையை சொசைட்டிக்கோ முதலாளி வீட்டுக்கோ கொண்டுபோகும்போது நடப்பதைப் பார்த்தால் இந்த இழப்பு புரியும். கொடுத்த பாவும் ஊடையும் ஜரிகையும் எடை கணக்கில் இருக்கும். நெய்து வந்த சேலையை எடை போட்டு, மடியைப் பிரித்துப் பார்த்து, இந்த இடத்தில் ஊடை தளர்ந்திருக்கிறது, முந்தியில் புட்டா ஒன்று நகர்ந்திருக்கிறது என்று நெய்தவர் கண் முன்னேயே விரல் வைத்துக் காட்டுவார்கள். அடுத்த சேலைக்குத் தறியில் உட்காரும்போது அவருக்கு எங்கே கவனிக்க வேண்டும் என்று தெரியும். மகளின் விடைத்தாளுக்கு அந்த விரல் வைத்துக் காட்டும் ஆள் இல்லை.

விடைத்தாளின் நகலைப் பணம் கட்டி வாங்கலாம். ஆனால் அதைக் கேட்பவர் பெரும்பாலும் தோற்றவர், அல்லது மறுமதிப்பீட்டுக்குப் போக நினைப்பவர். நகல் வரும்போது அடுத்த செமஸ்டர் வகுப்புகள் ஓட ஆரம்பித்திருக்கும். 54 வாங்கிய நம் பெண்ணைப் போன்றவர் நகல் கேட்பதில்லை. அவள் பாஸ்.

கதையின் இரண்டாம் பாகம் கல்லூரி அலுவலகக் கணினியில் நடக்கிறது. அந்த எழுத்து இங்கே மீண்டும் எண்ணாக மாற வேண்டியிருக்கிறது. காரணம், தேசிய அங்கீகார வாரியம். என்.பி.ஏ. என்றால்தான் கல்லூரிகளில் புரியும். 1994இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) தொடங்கிய வாரியம் இது. 2010இல் தன்னாட்சி பெற்றது. 1989இல் ஆறு நாடுகள் செய்துகொண்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2007இல் தற்காலிக உறுப்பினராகி, 2014 ஜூன் 13 அன்று முழு உறுப்பினரானது. நம் பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளிலும் ஏற்க வேண்டுமானால், எத்தனை வகுப்பறை, எத்தனை கம்ப்யூட்டர் என்று கணக்குக் காட்டினால் போதாது. படித்து முடித்தவருக்கு என்ன தெரியும் என்று காட்ட வேண்டும். அதற்காக அப்போது பன்னிரண்டு ‘புரோகிராம் அவுட்கம்’ வகுத்தார்கள். இணைப்புக் கல்லூரிகளுக்கான அன்றைய மதிப்பீட்டில் ஆயிரம் மதிப்பெண்ணில் 120 இந்தப் பகுதிக்கு இருந்தது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு 175.

இந்தச் சிந்தனை மேல்நாட்டிலிருந்து நேற்று இறங்கியது என்று பல ஆசிரியர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது இங்கே வந்து வெகுகாலம் ஆகிறது. கற்றல் நோக்கங்களை அறிவதிலிருந்து மதிப்பிடுவது வரை ஆறு படிகளாக ஒரு புத்தகத்தில் அடுக்கிய பெஞ்சமின் புளூம், அது வந்த மறு ஆண்டு, 1957இல், இந்தியாவுக்கே வந்து தேர்வுச் சீர்திருத்தப் பட்டறைகள் நடத்தினார். அவர் வெறும் கோட்பாட்டாளர் அல்லர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தேர்வுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். வெவ்வேறு பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் தங்கள் கேள்விகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்ற தேவையில்தான் அந்த ஆறு படிகள் பிறந்தன. பக்கத்து ஊர்த் தேர்வாளருக்கு நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஒரு வழி, அவ்வளவே. தேநீர் மேசையில் ஆவியாகும் பேச்சைப் பிடித்துவைக்கும் வழி என்றும் சொல்லலாம்.

இப்போது எக்செல் தாளைத் திறப்போம். இன்டர்னல் தேர்வுகளில் கணக்கு ஒழுங்காகவே நடக்கிறது. வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் எந்தச் சி.ஓ. என்று குறித்திருக்கும்; திருத்தியவரும் அதே ஆசிரியர்; கேள்வி வாரியாக மதிப்பெண் கையில் இருக்கிறது. சிக்கல் செமஸ்டர் தேர்வில். என்.பி.ஏ.வின் படிவத்திலேயே பல்கலைக்கழகத் தேர்வுக்கு 80 சதவீதம், இன்டர்னலுக்கு 20 சதவீதம் என்று எடுத்துக்காட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 60 சதவீத மாணவர்கள் இலக்கைத் தாண்டினால் நிலை ஒன்று, 70 என்றால் இரண்டு, 80 என்றால் மூன்று. ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்து 45 பேர் தாண்டினால் 75 சதவீதம், நிலை இரண்டு. எழுத்து மட்டும் கையில் இருக்கும் ஆசிரியர் அந்த இரண்டை எந்தச் சி.ஓ.வுக்குப் போடுவார்? வேறு வழியில்லாமல் ஐந்துக்கும் போடுகிறார். சி.ஓ.1 இரண்டு, சி.ஓ.2 இரண்டு, சி.ஓ.3 இரண்டு, சி.ஓ.4 இரண்டு, சி.ஓ.5 இரண்டு. பிறகு அந்த இரண்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வலிமை குறித்த இணைப்பு அட்டவணையில் பெருக்கப்பட்டு, புரோகிராம் அவுட்கம்களுக்குத் தசமப் புள்ளிகளோடு பரவுகின்றன. 1.87, 2.13 என்று முடியும் அந்த எண்களைப் பார்த்தால் மிகத் துல்லியமாக அளந்தது போலிருக்கும். அளந்ததோ ஓர் எழுத்து.

இதைச் செய்யும் ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். செமஸ்டர் முடிவில் அவர்கள் இந்தத் தாள்களோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அது பொய் வேலை அல்ல என்று தெரியும். இல்லாத தகவலை வைத்து, கேட்கப்பட்ட படிவத்தை நேர்மையாக நிரப்பும் வேலை. எனக்கு வருத்தம், அந்தத் தகவல் இருக்கிறது என்பதில்தான். கட்டத்தில், சிவப்பு மையில், ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக எழுதப்பட்டுக் கிடக்கிறது. அரசுச் செலவில், ஆசிரியர் உழைப்பில் உண்டான ஐந்து எண்களை ஒன்றாகக் கூட்டிவிட்டு, பிறகு அந்த ஒன்றிலிருந்து ஐந்தை ஊகிக்கப் பாடுபடுகிறோம்.

அது எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு இன்னொரு 54ஐப் பக்கத்தில் வைக்கலாம். அதே வகுப்பில் ஒரு பையன் யூனிட் வாரியாக 8, 10, 12, 11, 13 எடுத்தான் என்று கொள்வோம். கூட்டினால் அதே 54. நம் பெண் 18இல் தொடங்கி 4இல் முடிந்தவள். இன்டர்னல் ஒன்றாக இருந்தால் இருவருக்கும் ஒரே எழுத்து. இருவரும் மெக்கானிக்கல் என்றால், மூன்றாம் செமஸ்டரில் ‘என்ஜினீயரிங் மெக்கானிக்ஸ்’ வரும். அங்கே ஒரு தகட்டின் மையத்தையும் நிலைமத் திருப்புத்திறனையும் கண்டுபிடிக்கத் தொகை போட வேண்டும். பரப்பை எல்லைகளுக்குள் அடைக்கத் தெரிய வேண்டும். பையன் தாண்டிவிடுவான். பெண் முதல் மாதத்திலேயே திணறுவாள். ஏன் என்று அந்தத் தாள் நடத்துபவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவளுக்குக் கணிதத்தில் நல்ல கிரேடு.

அவளே ஈ.சி.இ.யில் சேர்ந்திருந்தால் கதை வேறு. அங்கே மூன்றாம் செமஸ்டர் கணிதம் ‘ரேண்டம் பிராசஸஸ் அண்ட் லீனியர் அல்ஜீப்ரா’. அணிகளில் 18 எடுத்தவளுக்கு அதில் பாதி வழி ஏற்கெனவே நடந்த வழி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ‘டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்’. பன்மடித் தொகையில் எடுத்த 4 அவளை அங்கே அவ்வளவு துன்புறுத்தாது. ஒரே தாள், ஒரே மதிப்பெண், துறைக்குத் துறை வேறு பொருள். துறைகளுக்கிடையே கற்றலை மதிப்பிடுவது என்றால் எந்தத் துறை அதிகத் தேர்ச்சி என்று பட்டியல் போடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது மிகக் குறைந்த பயன் தரும் பட்டியல். இந்தப் பெண்ணுக்கு எந்த ஊன்றுகோல் எந்தத் துறையில் எப்போது வேண்டும் என்பதற்கு யூனிட் கணக்குதான் பதில் சொல்லும்.

மொழியையும் இங்கே சேர்க்க வேண்டும். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் கணக்குப் படிகளில் சமாளித்துவிடுகிறார்கள். வாக்கியமாகக் கேட்ட பயன்பாட்டுக் கணக்கில்தான் சறுக்கல் தெரியும் என்பது வகுப்பறையில் நின்றவர்கள் சொல்லும் அனுபவம். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. சேர்க்கை குறைவு என்று ஒரு பக்கம் பேசினார்கள், மொழி உரிமை என்று மறுபக்கம். தமிழ் வழி மாணவர்களும் ஆங்கில வழி மாணவர்களும் அதே தாளில் எந்த யூனிட்டில் எப்படி எழுதினார்கள் என்ற கணக்கை எந்தப் பக்கமும் எடுத்து வைத்ததாகத் தெரியவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முகாமில் மொத்த மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றும்போதே யூனிட் கூட்டல்கள் ஐந்தையும் ஏற்ற வேண்டும். ரகசியம் கெடாது, பொய் எண்ணின் கீழ்தான் அவை ஏறும், முடிவு வெளியானபின் பதிவு எண்ணோடு சேரும், இன்று மொத்தம் சேர்வதைப் போலவே. தட்டச்சு வேலை கூடும் என்பது உண்மை. தாளுக்கு ஐந்து எண் என்றால் லட்சக்கணக்கான தாள்களுக்கு அது சிறிய வேலை அல்ல. கூடுதல் ஆட்களும் அவர்களுக்குக் கூலியும் வேண்டும். என்.பி.ஏ. படிவங்களுக்காக நானூறு கல்லூரிகளில் ஆசிரியர்கள் ஊகித்துச் செலவிடும் மணிகளோடு ஒப்பிட்டால் அந்தச் செலவை நான் தயங்காமல் ஆதரிப்பேன். ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையும் கேள்விகளைச் சி.ஓ.க்களோடு பொருத்தும்படி சொல்லியிருக்கிறது. பொருத்தினால் மட்டும் போதாது, பொருத்தியதன் விளைவு பாடம் நடத்தியவரிடம் வந்து சேர வேண்டும்.

வந்து சேர்ந்தால் தச்சூரில் நடக்கக்கூடியது இது. முடிவுகள் வந்த வாரத்தில் கணித ஆசிரியரும் நான்கு துறைத் தலைவர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். நான்கு பத்தி, ஐந்து வரிசை கொண்ட ஒரே ஒரு பக்கம் நடுவில் இருக்கும். மூன்றாவது யூனிட் நான்கு துறையிலும் தாழ்ந்திருந்தால் கற்பித்த முறையைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு துறையில் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த வகுப்பின் கால அட்டவணையையும், யார் நடத்தினார், எத்தனை வகுப்பு போயிற்று என்பதையும் எடுத்துப் பார்ப்பார்கள். ஐந்தாவது யூனிட்டில் பத்துக்குக் கீழே எடுத்தவர்களின் பெயர்கள் மெக்கானிக்கல் துறைக்குத் தனியாகப் போகும். என்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் தொடங்குமுன் அவர்களுக்கு எத்தனை மாலை வகுப்பு வைப்பது என்று அன்றைக்கே தேதி குறித்துவிடலாம்.